உருளைப்புழுவின் செல் பிரிதல்: மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

உருளைப்புழுவின் இனச்செல்கள் (விந்தாகவோ முட்டையாகவோ ஆகவிருக்கும் செல்கள்) பிரிவதைப் புரதங்கள் எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்று கேட்டால், தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிப் பிள்ளைகள் பலர் மனிதக் குடலில் வாழும் அஸ்காரிஸை வைத்து எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பாலக்கோட்டில் தக்காளி போடும் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. இந்தக் கேள்விக்கு இரண்டும் சரிப்படாது. புரதங்களைத் துருவிப் பார்த்தது பெரும்பாலும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற, மண்ணில் வாழும் 1 மி.மீ. புழுவில்தான். அஸ்காரிஸில் ஆண் வேறு, பெண் வேறு. எலிகன்ஸில் இருபாலுயிரியும் ஆணும் உண்டு, தனிப் பெண் கிடையாது. இருபாலுயிரி முதலில் சுமார் 300 விந்துசெல்களைச் செய்து வைத்துக்கொண்டு, அப்புறம் முட்டைசெல்லுக்கு மாறுகிறது.

பெரிய சறுக்கல் வேறு இடத்தில். ‘புரதம் வந்தது, செல் பிரிந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்தப் புழுவின் இனச்சுரப்பியில், அதாவது இனச்செல்கள் உருவாகும் குழாயில், புரதங்கள் செய்யும் வேலையில் பாதி, தடுப்பதுதான். சுரப்பிக் குழாயின் நுனியில் ஒரு முனைச் செல் இருக்கிறது. அதன் மேற்பரப்பில் உள்ள லேக்-2 புரதம், பக்கத்து இனச்செல்களின் ஜிஎல்பி-1 ஏற்பியை (சமிக்ஞையை வாங்கும் புரதம்) தூண்டிக்கொண்டிருக்கும் வரை அவை மைட்டாசிஸில், அதாவது தன்னைப் போன்ற செல்லையே உண்டாக்கும் சாதாரணப் பிரிதலில், பிரிந்துகொண்டே இருக்கும். 1981-இல் ஆய்வாளர்கள் ஜூடித் கிம்பிளும் ஜான் ஒயிட்டும் அந்த முனைச் செல்லை லேசரால் அழித்துப் பார்த்தார்கள். இனச்செல்கள் அப்படிப் பிரிவதை விட்டு, விந்து, முட்டை செல்களைத் தரும் குரோமோசோம் பாதியாகும் பிரிதலான மியாசிஸுக்குள் போய்விட்டன. இதை ஹார்மோன்போலப் பரவும் சமிக்ஞை என்று எழுதாதீர்கள். லேக்-2 செல்சவ்வோடு ஒட்டியது, தொட்டால்தான் உண்டு.

நுனியருகே எஃப்பிஎஃப் என்ற புரதங்கள், ஜிஎல்டி-1 என்ற இன்னொரு புரதம் உருவாகாமல் பிடித்து வைக்கின்றன. நுனியை விட்டு விலக விலக ஜிஎல்டி-1 ஏறுகிறது. அது, செல் பிரிதலை முடுக்கும் சைக்ளின்-இ முதலிய புரதங்களின் எம்ஆர்என்ஏவில் (புரதம் செய்வதற்கான செய்தி நகல்) ஒட்டிக்கொண்டு, அந்தப் புரதங்கள் உருவாகவிடாமல் செய்கிறது. அதாவது, தடுக்கிற புரதத்தையே இன்னொரு புரதம் தடுக்கிறது. ஜிஎல்டி-1 இல்லாத இருபாலுயிரியில், முட்டையாக வேண்டிய செல்கள் மியாசிஸைப் பாதியில் விட்டு மறுபடி பிரியத் தொடங்கிக் கட்டியாகின்றன. ஆணில் அதே குறை இருந்தாலும் கட்டி வருவதில்லை. ‘ஜிஎல்டி-1 கட்டியைத் தடுக்கும்’ என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்த ஆணை மறந்துவிடுகிறார்கள்.

ஜிஎல்பி-1 என்றதும் சர்க்கரை நோய்க்குப் போடும் ஊசியை இழுத்து வருபவர்களும் உண்டு. அது நம் குடல் ஹார்மோன். புழுவின் ஜிஎல்பி-1, நாட்ச் என்ற புரதக் குடும்பத்து ஏற்பி. சம்பந்தமே இல்லை.

விந்துசெல்லுக்குக் கருவுறச் செய்வது மட்டும்தான் வேலை என்பதும் தவறு. விந்துசெல் நகர்வதற்கு உதவும் எம்எஸ்பி என்ற புரதமே வெளியே வந்து, முட்டைசெல்லை முதிரத் தூண்டுகிறது. படம் வரைகிறவர்கள் இந்தத் தூண்டலைக் காட்டும் அம்புக்குறியை, விந்துசெல்கள் சேர்ந்திருக்கும் விந்துப்பையிலிருந்து தொடங்குங்கள். பலர் முனைச் செல்லிலிருந்து போட்டுவிடுகிறார்கள்.