பாறைச் செதுக்கல் பார்க்க வெயில் சாயும் நேரம்

சிட்னிக்கு வடக்கே உள்ள குரிங்காய் சேஸ் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்புகிறார்கள். பூர்வகுடிகளின் பாறைச் செதுக்கல்களைப் பார்க்க அது சரியான நேரமே இல்லை. உச்சிவெயிலில் அந்த மணற்கல் பாறை வெறும் சாம்பல் தரையாகத்தான் தெரியும், "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். காலையில் சீக்கிரமோ, மாலை வெயில் சாய்ந்த பிறகோ போங்கள். சாய்ந்த ஒளியில் கோடுகளுக்குள் நிழல் விழும். வாலபியும் (சிறிய கங்காரு போன்ற விலங்கு) மீனும் மனித உருவங்களும் துலக்கமாகத் தெரியும். லேசான தூறலில் பாறை நனைந்திருந்தால் இன்னும் நல்லது.

எங்கே பார்ப்பது? வெஸ்ட் ஹெட் சாலையிலிருந்து பிரியும் பேசின் நடைபாதைதான் என் தேர்வு. செதுக்கல்கள் பாதையின் மேல்பகுதியிலேயே இருப்பதால் பெரியவர்களும் நடந்துவிடலாம். குனிந்து பாருங்கள்: வரிசையாகக் குழிகள் கொத்தி, பிறகு அவற்றை இணைத்துக் கோடாக்கியிருப்பது சில இடங்களில் புலப்படும். அப்புறம், பாறைமேல் ஏற வேண்டாம். படத்தில் எடுப்பாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் தீட்டுவதோ தண்ணீர் ஊற்றுவதோ கூடவே கூடாது. மணற்கல் எளிதில் தேயும்.

கடற்கரை வரை இறங்கினால் திரும்புவது நல்ல ஏற்றம். தண்ணீர் போதுமான அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஏற முடியாதவர்கள் அங்கிருந்து பாம் பீச்சுக்குப் படகில் போய்விடலாம். ஆனால் கார் மேலேயே நிற்கும் என்பது நினைவிருக்கட்டும்! காருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, நாய்க்கு அனுமதி இல்லை.