பால் காயும் நேரம் போதும்

தியானம் என்றால் மனதைக் காலி பண்ணுவது என்று நினைத்துத்தான் பலர் இரண்டே நாளில் விட்டுவிடுகிறார்கள். அது காலியாகவே ஆகாது. விபாசனா என்ற தியான முறையைக் கற்றுத்தரும் 10 நாள் முகாமில்கூட முதல் மூன்று நாளும் ஒரே வேலைதான்: மூக்கு வாசலில் மூச்சு போய்வருவதைக் கவனிப்பது.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். காலையில் பால் அடுப்பில் இருக்கும்போது போனை வேறு அறையில் வைத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். உள்ளே போகும் காற்று சற்றுக் குளிர்ச்சி, வெளியே வருவது வெதுவெதுப்பு. மேலுதட்டில் நன்றாகவே தெரியும். மூச்சு வெளியே வரும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணுங்கள். நாலாவதிலேயே கரண்ட் பில் ஞாபகம் வரும் (எனக்குத் தினமும் வருகிறது). திட்டிக்கொள்ளாமல் மறுபடி ஒன்றிலிருந்து. அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சியே. கண்ணை மட்டும் மூடாதீர்கள், பால் பொங்கிவிடும்.