பட்டர் பிஸ்கட் மாவு: முதலில் தேய்ப்பு, பிறகு ஃபிரிட்ஜ்

ஜெர்மன் பட்டர் பிஸ்கட் மாவை உருண்டையாக ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். பிசைந்த கையோடு இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே 4 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, தட்டோடு உள்ளே வையுங்கள்.

மெல்லிய தகடு அரை மணிக்குள் இறுகிவிடும். உருண்டையின் நடுப்பகுதி குளிர ஒரு மணி நேரமாவது ஆகும், தேய்க்கும்போது ஓரம் வேறு வெடிக்கும். 300 கிராம் மைதா, 200 கிராம் வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை என்ற வழக்கமான அளவில் வெண்ணெய் அதிகம் என்பதால் மாவு ஒட்டும். ஒட்டாமலிருக்க மேலே மைதா தூவினால் பிஸ்கட் வாயில் கரையாது, கடினமாகும். பேப்பர் இருந்தால் தூவவே வேண்டாம். அச்சில் வெட்டும்போது நட்சத்திர முனை மழுங்கினால், மாவு இளகிவிட்டது. 5 நிமிடம் திரும்ப உள்ளே வையுங்கள்.

பிழிந்து செய்யும் ஷ்பிரிட்ஸ்கெபெக் என்ற ஜெர்மன் பிஸ்கட்டுக்கு இது ஆகாது. அந்த மாவு குளிர்ந்தால் குழலில் இறங்காது.