கவர் யாருடைய பொறுப்பு? சேலம், ஏற்காட்டில் தொழில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காடு மலைப்பாதையில் எந்தக் கொண்டை ஊசி வளைவில் இறங்கிப் பார்த்தாலும் குப்பையில் ஒரு ஒழுங்கு தெரியும். தண்ணீர் பாட்டிலை யாராவது பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள், காயலான் கடையில் அதற்குக் காசு உண்டு. மிச்சம் கிடப்பது சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட், காபித்தூள் பாக்கெட். பிளாஸ்டிக்கும் பல சமயம் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிய அந்தப் பாக்கெட்டைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு, அதனால் எடைக்கு வாங்க ஆள் இல்லை. மழை பெய்தால் ஓடையில் இறங்கும். சேர்வராயன் மலைத் தண்ணீர்தான் திருமணிமுத்தாறாகச் சேலத்துக்குள் ஓடிக் காவிரிக்குப் போகிறது.

விலை போகாத இந்தக் குப்பைக்காகத்தான் சட்டம் ஒரு பொறுப்பாளியைக் காட்டுகிறது. 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும், 2022 பிப்ரவரியில் அதில் சேர்த்த வழிகாட்டு நெறிகளும் சொல்வது இதுதான்: பாக்கெட்டைச் சந்தைக்கு அனுப்பியவர், அதே அளவு பிளாஸ்டிக் திரும்ப வந்து முறையாக அப்புறப்படுத்தப்படுவதற்கும் பொறுப்பு. தொழில் வட்டாரத்தில் இ.பி.ஆர். (Extended Producer Responsibility, தயாரிப்பாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு) என்று சொல்வார்கள். நம்மூரில் இதைப் பற்றி நிறையத் தப்புக் கணக்கு ஓடுகிறது.

அதில் பெரியது, "நான் பிளாஸ்டிக் தயாரிக்கவில்லையே, காபித்தூள்தானே விற்கிறேன்" என்பது. பிளாஸ்டிக் கவர் செய்பவர், இறக்குமதி செய்பவர், அந்தக் கவரில் தன் பிராண்ட் பெயரைப் போட்டு விற்பவர், மூவரும் இதில் வருகிறார்கள். வேறொருவரிடம் கொடுத்துப் பாக்கெட் போட்டு வாங்கினாலும் மேலே இருப்பது உங்கள் பெயர் என்றால் பிராண்ட் உரிமையாளர் நீங்கள்தான். ஜவ்வரிசி, மசாலா, ஊறுகாய் எதுவானாலும் இதே கதை. சரி, எல்லாரும் பயப்பட வேண்டுமா என்றால், இல்லை. குறு, சிறு நிறுவனங்களுக்குப் பிராண்ட் உரிமையாளர் என்ற வகையில் விலக்கு இருக்கிறது. ஆனால் 'சிறு' என்பது நீங்களே உங்களுக்கு வைத்துக்கொள்ளும் பெயர் இல்லை, முதலீட்டையும் விற்றுமுதலையும் வைத்து அரசு போட்ட வரம்பு. வியாபாரம் வளர்ந்து நடுத்தர நிறுவனமாகிவிட்ட பிறகும் பழைய நினைப்பிலேயே மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்யாமல் இருப்பதுதான் ஆபத்து. ஆடிட்டரிடம் வருடா வருடம் ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்கும்போது இதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பதிவு செய்பவர்களும் எங்கே என்பதில் தடுமாறுகிறார்கள். ஒன்று அல்லது இரண்டு மாநிலங்களில் மட்டும் விற்றால் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம். மூன்றாவது மாநிலத்துக்குச் சரக்கு போனால் மத்திய வாரியம். தமிழ்நாட்டோடு பெங்களூருக்கு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவர் பாலக்காட்டில் ஒரு டீலர் பிடித்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது, அதை யாரும் யோசிப்பதில்லை.

அப்புறம் சான்றிதழ், அதாவது இத்தனை டன் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்தேன் என்பதற்கு ஆலை தரும் அத்தாட்சி. மறுசுழற்சி செய்பவரிடம் சான்றிதழ் வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் விதி உறைகளை வகை பிரிக்கிறது, எந்த வகையில் விற்றீர்களோ அந்த வகைக்கே சான்றிதழ் வேண்டும். கெட்டி டப்பா, பாட்டில் ஒரு வகை. மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒரு வகை. அலுமினியத் தாள், காகிதம் என்று வேறு பொருள் சேர்ந்த பல அடுக்கு உறை மூன்றாவது வகை. மக்கும் பிளாஸ்டிக் நான்காவது. மூன்றாம் வகையில் விற்றுவிட்டு, மலிவாகக் கிடைக்கிறது என்று முதல் வகைச் சான்றிதழைக் காட்டினால் செல்லாது. செல்லாமல் இருப்பதே நியாயம் என்பேன், ஏனென்றால் பாட்டிலைச் சேகரிக்க ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள், ஓடையில் கிடக்கும் கவரைத்தான் யாரும் தொடுவதில்லை. விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு: லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்களை மத்திய வாரியம் கண்டுபிடித்திருக்கிறது. விற்பவரின் ஆலை உண்மையில் ஓடுகிறதா, அத்தனை டன் கையாளும் இயந்திரம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பதில் தவறே இல்லை.

அந்த வருட அளவை எட்டாதவர் வாரியத்துக்கு இழப்பீடு கட்டிவிட்டால் கணக்கு ஒழிந்தது என்பதும் பொய். சுற்றுச்சூழல் இழப்பீடு கட்டினாலும் விட்டுப்போன அளவு அடுத்த வருடத்துக்கு நகரும். ஒரு வருடத்துக்குள் அதை ஈடுசெய்தால் கட்டியதில் 75 சதவீதம் திரும்பும், இரண்டாம் வருடம் 60, மூன்றாம் வருடம் 40. அதன்பின் எதுவும் திரும்பாது.

கடைக்காரர்கள் பக்கம் வருவோம். "இது 120 மைக்ரான் கவர், இதற்குத் தடை இல்லை" என்று செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். மைக்ரான் என்பது கவரின் தடிமனைச் சொல்லும் அளவு. 120 மைக்ரானுக்குக் குறைந்த கேரி பேக் கூடாது என்பது 2022 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதற்குமான மத்திய விதி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே, எத்தனை மைக்ரானாக இருந்தாலும், பிளாஸ்டிக் கேரி பேக் தடை. இரண்டில் எது கடுமையோ அதுதான் இங்கே செல்லும். பச்சை நிறத்தில் இலைப் படம் போட்ட 'மக்கும்' கவரையும் அப்படியே வாங்க வேண்டாம். மத்திய வாரியத்தின் சான்று எண் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். சான்று உள்ள கவர்கூட உரம் தயாரிக்கும் ஆலையின் சூட்டில் மக்குவதற்காகச் செய்தது. காபித் தோட்டத்து வேலி ஓரம் எறிந்தால் அது பாட்டுக்குக் கிடக்கும்.

விடுதி நடத்துபவர்களுக்கு முக்கியமாக ஒன்று. விருந்தினர் அறையில் சேரும் கவர்களைச் சாம்பார், டீத்தூளோடு ஒரே பையில் கட்டாதீர்கள். விலை போகாத கவர்களுக்கு இப்போதைக்கு இருக்கும் பெரிய வழி சிமெண்ட் ஆலை உலைகளில் எரிபொருளாகப் போவது, ஈரமானால் அதற்கும் எடுக்க மாட்டார்கள். தோட்டத்து மூலையில் கொளுத்துவது அதைவிட மோசம், புகை பள்ளத்தாக்கிலேயே தங்கும், சட்டப்படியும் குற்றம்.

பழைய பேட்டரிக்கும், செல்போன், மிக்சி போன்ற மின்னணுக் கழிவுக்கும் 2022இல் தனித்தனி விதிகள் வந்துவிட்டன, அங்கேயும் தயாரித்தவருக்குத்தான் பொறுப்பு. எனவே ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பவரிடம் போடாமல், புதிது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள்.

ஏரியைச் சுத்தம் செய்யப் போகும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மூட்டை எத்தனை என்று மட்டும் எண்ணாமல், எந்த பிராண்ட் எத்தனை என்று பிரித்து எண்ணுங்கள். உறையில் நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், 2025 ஜூலையிலிருந்து சில விவரங்களை கியூஆர் குறியீட்டிலும் கொடுக்கலாம். பதிவு எண் எங்கேயும் இல்லாத உறைகளைத் தனியாகப் படம் எடுத்து, சேலத்தில் உள்ள மாசு கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீதும் வாங்குங்கள்.