வீட்டில் வைன்: சாமான் வாங்கும்போதே தொடங்கும் தவறுகள்

செப்ரெம்பர் பிறந்தால் ரொறன்ரோவில் இத்தாலியர் கடைகளின் வாசலில் கலிபோர்னியாத் திராட்சைப் பெட்டிகள் வந்து அடுக்கப்பட்டுவிடும். ஒரு பெட்டி 36 இறாத்தல், கிலோவில் 16 சொச்சம். ஸின்ஃபண்டெல், அலிகான்ரே, மஸ்கற் என்று இனத்தின் பெயர் பெட்டியில் எழுதியிருக்கும். இத்தாலிய, போர்த்துக்கேயக் குடும்பங்கள் பல, தாத்தா காலத்துப் பழக்கத்தை விடாமல் கராஜிலும் நிலவறையிலும் வைன் செய்து வருகின்றன. பக்கத்து வீட்டில் ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்துவிட்டு, "நாங்களும் செய்தால் என்ன?" என்று இறங்குகிற நம்மவர்களும் உண்டு. கனடாவில் சொந்தப் பாவனைக்கு வைன் செய்யச் சட்டம் இடம் தருகிறது. விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்கள் கவனிக்க: அங்கே உரிமம் இல்லாமல் வீட்டில் செய்வதே குற்றம்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. திராட்சையை நசித்து, ஈஸ்ற் போட்டு, பொறுத்திருந்தால் வைன் வரும். கெடுவது பெரும்பாலும் சாமானால்தான். ஆசைப்பட்டு வாங்குவது ஒன்று, வேலைக்குத் தேவைப்படுவது இன்னொன்று.

புதிதாகத் தொடங்குகிறவர் மனதில் முதலில் வந்து நிற்பது ஓக் மரப் பீப்பா. பார்க்க அழகுதான். ஆனால் பத்து லீற்றர் பீப்பாவில் ஒவ்வொரு லீற்றர் வைனுக்கும் படுகிற மரத்தின் பரப்பு மிக அதிகம். சில கிழமைகளிலேயே திராட்சைச் சுவை போய் மரச் சுவை மட்டும் மிஞ்சும். பிறகு அடுத்த செப்ரெம்பர் வரை பீப்பா வெறுமையாகக் கிடக்கும். காய்ந்து பிளந்து ஒழுகும், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். ஓக் மணம் வேண்டுமென்றால் ஓக் துண்டுகளை வாங்கிக் குடுவைக்குள் போட்டு, போதும் என்று தோன்றும்போது வைனை வேறு குடுவைக்கு மாற்றிவிடலாம். நசிக்கும் இயந்திரத்துக்கும் பிழியும் இயந்திரத்துக்கும் இதே கதைதான். திராட்சை விற்கிற கடைகள் பலவற்றில் நசித்தே தருவார்கள். மூன்று பெட்டிக்கு ஒரு பெரிய துணிப் பையும் இரண்டு கையும் போதும்.

அந்தக் காசில் வாங்க வேண்டியவை வேறு: சாற்றில் சீனி எவ்வளவு என்று அதன் அடர்த்தியை வைத்துக் காட்டும் ஹைட்ரோமீற்றர், அதற்கான உயரக் குழல், கிராமில் நிறுக்கும் சின்னத் தராசு, சைபன் குழாய், உணவுக்கு உகந்த பிளாஸ்ரிக் வாளிகள், கார்போய் எனப்படும் 23 லீற்றர் கண்ணாடிக் குடுவை, அதன் வாயில் செருகி, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாமல் தண்ணீரால் மறிக்கும் எயர்லொக். இவற்றோடு நான்கு லீற்றர், ஒரு லீற்றர் கண்ணாடிச் சாடிகள் சிலவும் வேண்டும். இந்தச் சின்னச் சாடிகளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஏன் வேண்டும் என்று பிறகு சொல்கிறேன்.

வாளியும் கிடாரமும்

சிவப்பு வைன் தோலோடு சேர்த்தே நொதிக்கிறது. மூன்று பெட்டி நசித்த கூழ் ஏறத்தாழ 45 லீற்றர் இடம் பிடிக்கும். நொதிக்கத் தொடங்கியதும் தோலெல்லாம் மேலே எழும்பித் தடித்த மூடிபோல நிற்கும். வாளியை விளிம்புவரை நிரப்பியவர் மறுநாள் காலை தரை துடைக்க வேண்டியதுதான். 60 லீற்றர் வாளி ஒன்று, அல்லது 30 லீற்றர் வாளி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மேலே கால்வாசி இடம் வெறுமையாக இருக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் வாளியை இறுக மூடுவது தவறு. ஒரு லீற்றர் சாறு வைனாக மாறும்போது 50 லீற்றருக்கு மேல் காபனீரொட்சைட் வெளிவரும். அது போக வழி வேண்டும். சுத்தமான துணியால் மூடிக் கட்டினால் போதும், பழ ஈ உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான். நாளுக்கு இரண்டு மூன்று தடவை மேலே நிற்கும் தோலைக் கீழே அமுக்கிவிட வேண்டும். அதை மறந்தால் மேல் தோல் காய்ந்து, அங்கேயே வினாகிரி வாடை தொடங்கும். நிலவறையில் செய்கிறவர்கள் யன்னலைத் திறந்து வைப்பது நல்லது. இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, தாழ்வான இடத்தில் தேங்கும்.

இன்னொன்று, வீட்டில் சும்மா கிடக்கும் பெரிய அலுமினியக் கிடாரம் இதற்கு வேண்டாம். செம்பு, பித்தளை, இரும்பு, துத்தநாகம் பூசிய வாளி எதுவுமே வேண்டாம். திராட்சைச் சாறு நல்ல புளிப்பு, அது உலோகத்தை அரித்து வைனில் கலக்கும். துத்தநாகம் நஞ்சு. பழைய மட்பாண்டங்களின் பளபளப்புப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். கண்ணாடி, எவர்சில்வர், உணவுக்கு உகந்த பிளாஸ்ரிக், இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குமிழியை நம்பாதீர்கள்

எயர்லொக்கில் குமிழி நின்றுவிட்டது, நொதித்து முடிந்தது என்று போத்தலில் அடைப்பவர்கள் அதிகம். குமிழி எதற்கும் சாட்சி இல்லை. அடைப்பு ஓரத்தில் சின்னக் கசிவு இருந்தால், உள்ளே மும்முரமாக நொதித்துக்கொண்டிருந்தாலும் குமிழி வராது. மறுபக்கம், எல்லாம் முடிந்த பிறகும் அறை சூடேறினால் கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழியாக வரும்.

நிலவரத்தைச் சொல்வது ஹைட்ரோமீற்றர்தான். தோல் துண்டுகளை வடித்துவிட்டுக் குழலில் சாற்றை ஊற்றி, ஹைட்ரோமீற்றரை மெதுவாக விட்டு, விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றுங்கள். ஒட்டியிருக்கும் குமிழிகள் போய்விடும், இல்லாவிட்டால் அவை அதைத் தூக்கிப் பிடித்துப் பொய் சொல்லவைக்கும். சுழல்வது நின்றதும் குனிந்து கண்ணைத் திரவத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து வாசியுங்கள். திரவம் கம்பியை ஒட்டி மேலேறி நிற்கும் விளிம்பை அல்ல, அதன் கீழே தட்டையாக இருக்கும் மட்டத்தை. எந்த வெப்பநிலைக்கு அளவிட்டது என்று கருவியிலேயே போட்டிருக்கும், பெரும்பாலும் 20 பாகை. நசித்த உடன் 1.090 என்று காட்டி, கடைசியில் 0.995 இல் நின்றால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131 ஆல் பெருக்குங்கள். 12.4 வீத மதுசாரம்.

முதல் நாள் அளவை எடுக்காமல் விட்டவருக்கு இந்தக் கணக்கு இனிக் கிடைக்காது. ஈஸ்ற் போடுவதற்கு முன்பே அளந்து வாளியில் ஒட்டிவிடுங்கள். கடைசி அளவும் ஒரு தடவை பார்த்தால் போதாது. சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை ஒரே எண் வர வேண்டும். 1.005 இல் நிற்கிற வைனை அடைத்தால், கோடை வந்து சூடேறும்போது மிச்சச் சீனி மறுபடி நொதிக்கும். தக்கை பறந்தால் அதிர்ஷ்டம், போத்தல் வெடித்தால் ஆபத்து.

ஈஸ்ற் விஷயத்தில் சுருக்கமாக: பாணுக்குப் போடுகிறதைப் போட வேண்டாம். வைன் ஈஸ்ற் ஐந்து கிராம் பைக்கற் 23 லீற்றருக்குக் காணும், விலையும் ஒன்றுமில்லை. லால்வின் இசி-1118 போன்றவற்றை 40 பாகை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறவைத்துப் போடச் சொல்வார்கள். கொதித்து ஆறிய தண்ணீர் என்று கை வைத்துப் பார்த்து ஊற்றினால் ஈஸ்ற் செத்துப்போகும். வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

காற்று

ஒரே ஒரு தவறைத்தான் தவிர்க்க முடியும் என்றால் இதைத் தவிருங்கள். ஹைட்ரோமீற்றர் 1.010 இற்குக் கீழே வந்ததும் பிழிந்து எடுத்துக் கார்போய்க்கு மாற்றுகிறோம். அதுவரை காற்றால் பெரிய கெடுதல் இல்லை, வெளிவரும் வாயுவே வைனைக் காத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு காற்றுத்தான் முதல் எதிரி. மதுசாரத்தை வினாகிரியாக்கும் பக்ரீரியாவுக்கு ஒட்சிசன் வேண்டும். வைனின் மேற்பரப்பு அகலமாக விரிந்து, அதன் மேலே வெறும் இடம் இருந்தால் அதற்கு அதுதான் விருந்து.

இங்கேதான் பெரிய குடுவை வாங்கியவர் மாட்டிக்கொள்வார். 54 லீற்றர் இத்தாலியக் குடுவை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, அதில் 28 லீற்றர் வைனை ஊற்றி வைப்பார். பாதிக் குடுவை காற்று. எயர்லொக் போட்டுத்தானே இருக்கிறேன் என்பார். எயர்லொக் புதுக் காற்றை மறிக்கும், உள்ளே ஏற்கெனவே இருக்கிற காற்றை என்ன செய்யும்? சில மாதத்தில் மேலே வெள்ளை ஆடை படரும், மூக்கை வைத்தால் சுள்ளென்று ஏறும். அது திரும்பாது.

மூன்று பெட்டியில் இருந்து பிழிந்தெடுத்த வைன் 23 லீற்றர் கார்போயை நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்துக்குத்தான் சின்னச் சாடிகள். அவற்றையும் கழுத்துவரை நிரப்பி எயர்லொக் போட்டு வையுங்கள். கார்போயின் அடியில் மண்டி படிந்து, தெளிந்த வைனை அடுத்த குடுவைக்கு மாற்றும்போது மட்டம் இறங்கும். சாடியைத் திறந்து அந்தக் குறையை நிரப்பலாம். அடைப்புக்கும் வைனுக்கும் இடையே இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். சாடி வைன் தீர்ந்துவிட்டால் கடையில் அதே மாதிரி வைன் ஒரு போத்தல் வாங்கி ஊற்றுங்கள், அல்லது சுத்தம் செய்த கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தை உயர்த்துங்கள். தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் வைன்தான் கிடைக்கும்.

மாற்றும்போது சைபன் குழாயின் நுனி கீழ்க் குடுவையின் அடியைத் தொட வேண்டும். மேலே இருந்து சலசலவென்று விழவிட்டால் வழியெல்லாம் காற்றைக் கலக்கிக்கொண்டே போகும். மேல்பக்க நுனியை மண்டிக்கு மேலே பிடியுங்கள், கடைசி அரைப் போத்தலுக்கு ஆசைப்பட்டு மண்டியையும் சேர்த்து இழுக்க வேண்டாம். எயர்லொக்கில் உள்ள தண்ணீர் குளிர்கால ஹீற்றர் சூட்டில் வற்றிவிடும், மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள். நாளுக்கு நாள் திறந்து மணந்து பார்க்கிற பழக்கமும் வேண்டாம்.

கழுவுதல், குளிர், தக்கை

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்குள்ள குடுவையில் எந்த மருந்தும் வேலை செய்யாது. முதலில் தேய்த்துக் கழுவி, பிறகுதான் சல்பைற் கரைசல், அதாவது பொற்றாசியம் மெற்றாபைசல்பைற் தூளைக் கரைத்த தண்ணீர். குளோரின் ப்ளீச் வேண்டாம். தக்கையிலும் மரத்திலும் உள்ள பூஞ்சணங்கள் குளோரின் சேர்மங்களில் இருந்து ஈரக் காகிதப்பெட்டி நாற்றம் தருகிற ஒன்றை உண்டாக்கிவிடும். கண்ணாடிக் குடுவையில் கொதிநீரை ஊற்றாதீர்கள், விரிந்து வெடிக்கும். நிறைந்த கார்போய் ஏறத்தாழ முப்பது கிலோ இருக்கும். ஈரக் கையால் கழுத்தில் பிடித்துத் தூக்கினால் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டிவரும்.

பாதுகாப்புக்கு வைனிலேயே போடும் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்றைக் கரண்டியால் குத்துமதிப்பாக அளக்காதீர்கள். 23 லீற்றருக்கு இரண்டு கிராம் போட்டால் அதில் இருந்து லீற்றருக்கு 50 மில்லிகிராம் அளவில் கந்தகவீரொட்சைட் வரும். தராசு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சல்பைற் ஒத்துக்கொள்ளாது, குடிக்கக் கொடுக்கும்போது சொல்லிக் கொடுங்கள்.

நொதிக்கும்போது வைன் 20 பாகைக்கு அண்மையில் இருக்கட்டும். ஒக்ரோபரில் நிலவறைச் சீமெந்துத் தரை குளிர்ந்துவிடும், அதன்மேல் நேரே வைத்தால் பாதியில் நின்றுபோகும். ஒரு பலகைமேல் வையுங்கள், அல்லது மேல்மாடிக்குக் கொண்டுபோங்கள். முடிந்த பிறகு குளிர் நல்லது. வைனில் உள்ள தார்த்தாரிக் அமிலம் கற்கண்டு மாதிரிப் பளிங்காகி அடியில் படியும். போத்தலில் அடைத்த பிறகு அது படிந்தால் விருந்தாளிகள் கண்ணாடித் தூள் என்று பயப்படுவார்கள். ஆனால் குளிர வைக்கிறேன் என்று சனவரியில் கராஜில் விட்டுவிடக் கூடாது. 12 வீத வைன் மறை ஐந்து பாகை அளவில் உறையத் தொடங்கும், ஒன்ராறியோக் குளிர் அதைவிடக் கீழே போகும். காலையில் குடுவை விரிந்து கிடக்கும்.

கடைசியில் தக்கை. போத்தல் வாயின் உள்விட்டம் பதினெட்டரை மில்லிமீற்றர் சொச்சம், தக்கை 22 அல்லது 24. சுத்தியலால் அடித்து அது போகாது. தரையில் நிற்கும் தக்கை இயந்திரத்தை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள். திருகுமூடிப் போத்தலில் தக்கை அடிக்காதீர்கள், அதன் வாய் மெல்லியது. அடித்த பிறகு மூன்று நாள் நிமிர்த்தி வைத்தால் தக்கை விரிந்து இறுகும், அப்புறம் படுக்க வைக்கலாம். 23 லீற்றருக்கு 30 போத்தல் வரும். ஒவ்வொன்றிலும் ஆண்டும் திராட்சையின் பெயரும் இரண்டு ஹைட்ரோமீற்றர் அளவுகளும் எழுதி ஒட்டுங்கள்.