கானாவில் வெப்பம் ஏறுகிறதா? மான்–கெண்டல் சோதனையைக் கையால் போட்டுப் பார்ப்போம்

ஆண்டுகள் போகப் போக எண்கள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா என்று பார்க்கும் கணக்குதான் மான்–கெண்டல் சோதனை. வடக்குக் கானாவின் தமாலே நகரை எடுத்துக்கொள்வோம். மார்ச், ஏப்ரலில் வெயில் வாட்டும். ஆகஸ்ட் மழையில் தணியும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாராப் புழுதியோடு ஹர்மட்டான் காற்று வீசும். இந்தப் பருவ ஓட்டம் தெரியாமல் கணக்கில் இறங்க வேண்டாம்.

படி 1: தரவு. வானிலை நிலையப் பதிவு கிடைக்காவிட்டால், ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தின் சிஆர்யூ (காலநிலை ஆய்வுப் பிரிவு) மாதத் தரவு இலவசம். 1901 முதல் இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அருகில் நிலையம் இல்லாத காலத்துக்கு அதில் நீண்டகாலச் சராசரியே இட்டு நிரப்பப்பட்டிருக்கும். 1960க்குப் பிறகு எடுத்தால் போதும்.

படி 2: விடுபட்ட மாதங்கள். நிலையப் பதிவில் ஒரு மார்ச் இல்லையென்றால் அந்த ஆண்டின் சராசரி பொய்யாகக் குறையும். அந்த ஆண்டையே விட்டுவிடுங்கள்.

படி 3: பிரிப்பு. பகல் உச்சம், இரவுக் குறைந்த அளவு இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். ஆண்டுச் சராசரி மட்டும் பார்ப்பது சோம்பேறித்தனம் என்பேன்; இரவுகள் வேகமாகச் சூடேறுவது அதில் அமுங்கிப்போகும். ஹர்மட்டான் பருவத்துக்கு டிசம்பரை அடுத்த ஆண்டின் ஜனவரியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: சோதனை. பயிற்சிக்காக நானே இட்ட ஐந்து ஆண்டு வெப்பநிலை எண்கள்: 27.8, 28.0, 27.9, 28.3, 28.4. ஒவ்வொன்றையும் அதற்குப் பின்வரும் எல்லாவற்றோடும் ஒப்பிடுங்கள். பின்னது பெரிதானால் +1, சிறிதானால் −1. மொத்தம் 10 ஜோடி. 28.0க்குப் பின் 27.9 வருவது மட்டும் இறக்கம், மற்ற 9 ஏற்றம். இவற்றின் கூட்டுத்தொகைதான் எஸ். ஆக எஸ் = 9 − 1 = 8.

அடுத்து, ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தையும் இடையிலுள்ள ஆண்டுகளால் வகுத்து, வரிசைப்படுத்தி, நடு மதிப்பை எடுங்கள்: ஆண்டுக்கு 0.15 டிகிரி. இதுதான் சென் சாய்வு. ஏதோ ஓர் ஆண்டு தாறுமாறாக எகிறினாலும் நடு மதிப்பு லேசில் அசையாது. அதனால்தான் நேர்கோட்டுப் பொருத்தத்தைவிட இதை நம்புகிறேன்.

பத்தில் ஒன்பது ஏற்றமாயிற்றே, பிறகென்ன என்கிறீர்களா? பி-மதிப்பு, அதாவது போக்கே இல்லாவிட்டாலும் இப்படியொரு எஸ் தற்செயலாக வரும் வாய்ப்பு, சுமார் 0.08. வழக்கமான 0.05 வரம்பைத் தாண்டிவிட்டது. தற்செயல் அல்ல என்று சொல்ல ஐந்து ஆண்டு பற்றாது. குறைந்தது 30 ஆண்டாவது வேண்டும்.

படி 5: கணினி. 60 ஆண்டுக்கு 1770 ஜோடி, கையால் ஆகாது. பைத்தான் நிரல்மொழியில் பைமான்கெண்டல் நிரலகம் நொடியில் போட்டுத்தரும். ஓர் ஆண்டின் சூடு அடுத்த ஆண்டிலும் ஒட்டிக்கொண்டு வந்தால் சாதாரணச் சோதனை இல்லாத போக்கையும் இருப்பதாகக் காட்டக்கூடும். அதனால் ஹமீது–ராவ் திருத்தத்தையும் ஓட்டுங்கள். இரண்டும் ஒத்துவந்தால், சாய்வைப் பத்தால் பெருக்கி, 'பத்தாண்டுக்கு இத்தனை டிகிரி' என்று பி-மதிப்போடு எழுதுங்கள்.