படம் பிரமாதம், நம்பர் எங்கே? ஸ்டுடியோ விளம்பரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் கல்யாண போட்டோ எடுக்கும் நம் ஆட்களுக்கு ஆடி மாதம்தான் கொஞ்சம் மூச்சுவிட நேரம். முகூர்த்தம் கிடையாது, பாக்கி ஆல்பம் வேலை மட்டும் ஓடும். ஆவணிக்குள் புது பிட் நோட்டீஸ், விசிட்டிங் கார்டு, வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸுக்கு நாலைந்து டிசைன் என்று அப்போதுதான் உட்காருவார்கள். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராம்புரம் பக்கத்து ஸ்டுடியோக்களுக்கு இந்த வேலையைச் செய்து கொடுப்பவன் என்பதால், அவர்கள் முன்பு அடித்த நோட்டீஸ்கள் நிறைய என் மேசைக்கு வரும். படங்களில் குறை சொல்ல ஒன்றுமே இருக்காது. எழுத்தைத்தான் படிக்க முடியாது.

காரணம் பெரிய ரகசியமில்லை. டிசைன் நடப்பது எடிட்டிங் அறையில்: ஜன்னல் மூடியிருக்கும், மானிட்டர் பெரிது, பிரகாசம் முழுதாக வைத்திருக்கும். செய்கிறவருக்கு அதிலுள்ள ஒவ்வொரு வரியும் மனப்பாடம். படிக்கப்போவது யார்? பெரும்பாலும் பெண்ணின் அம்மா, அல்லது கல்யாண வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடும் சித்தப்பா. சௌல்ட்ரி (கல்யாண மண்டபம்) வாசலில், வெயிலில், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர். இல்லையென்றால் பேட்டரி மிச்சம்பிடிக்க வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கும் போனில் பார்ப்பவர். கீழே சொல்லும் தவறுகள் முக்கால்வாசியும் இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில்தான் பிறக்கின்றன.

படத்தின் மேலேயே எழுதுவது

ஒரு நோட்டீஸைக் கிட்டத்தில் பார்ப்போம். பக்கம் முழுக்க ஒரே படம்: அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டில் மணப்பெண், அகலமான ஜரிகை பார்டர், பின்னால் மாலை கோத்த மாதிரி குட்டிக்குட்டி விளக்குகள். அந்த ஜரிகைக்கு மேலே தங்க நிறத்தில் ஸ்டுடியோ பெயர். எழுத்து தெரியவில்லை என்று வெள்ளையில் ஒரு ஓரக்கோடு கொடுத்திருக்கிறார்கள். அதுவும் போதாமல் நிழல். நிழலும் போதாமல் எழுத்தைச் சுற்றி மஞ்சள் ஒளி. கைபேசி எண் விளக்குகளின் மேல் விழுந்திருப்பதால் 3 எது, 8 எது என்று சூரியனைப் பார்த்துப் பிடித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓரக்கோடு, நிழல், ஒளி மூன்றும் தேவைப்படுகிறது என்றால் எழுத்து உட்கார்ந்திருக்கும் இடம் தவறு. வேறு இடம் தேட வேண்டும், அவ்வளவுதான். ஜரிகை, பூ, கூட்டம், இலை நிறைந்த மரம் இவற்றின் மேல் எழுதாதீர்கள். அவற்றில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வருவதால் எந்த நிறத்தில் எழுதினாலும் பாதி எழுத்து மறையும். வெற்றுச் சுவர், வானம், மங்கலாக்கிய பின்னணி இவை எழுதத் தோதான இடங்கள். அப்படி ஒன்றும் படத்தில் இல்லையா, படத்தை மேல் முக்கால் பங்கில் நிறுத்திவிட்டு, கீழே ஒரே நிறப் பட்டையில் எழுதுங்கள். பழைய காலத்துக் காலண்டர் முறைதான். இன்றும் அதை மிஞ்ச ஒன்றும் வரவில்லை என்பது என் எண்ணம்.

மற்ற கடைக்காரர்களுக்கு இல்லாத வசதி ஒன்று போட்டோகிராபருக்கு உண்டு: படமே உங்களுடையது. அடுத்த கல்யாணத்தில், வாடிக்கையாளர் சம்மதம் கேட்டுக்கொண்டு, விளம்பரத்துக்கென்றே இரண்டு படம் எடுத்து வையுங்கள். மணமக்கள் ஒரு ஓரத்தில், மற்ற மூன்றில் இரண்டு பங்கு வெறும் சுவர். ஆல்பத்துக்கு அது உதவாது. நோட்டீஸுக்கு அதுதான் வேண்டும்.

எழுத்து எடுப்பாகத் தெரிகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: முழு டிசைனையும் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அதிலும் எழுத்து தனியாக நின்றால் சரி. பச்சையின் மேல் சிவப்பு, அரக்கின் மேல் ஊதா எல்லாம் கலரில் பளிச்சென்று இருப்பதுபோல் தோன்றி, இதில் ஒரே சாம்பலாகிவிடும். கணக்காகவே வேண்டும் என்பவர்களுக்கு, இணையப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி அளவுகோல் இருக்கிறது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. இலவசமாகக் கணக்கிட்டுத் தரும் தளங்கள் நிறைய.

தங்க நிறம் பற்றி ஒரு வார்த்தை. திரையில் அது மினுங்கக் காரணம் வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பு வரை ஓடும் நிறச்சரிவு. நாலு கலர் அச்சில் அதே சரிவு கடுகு நிறமாகத்தான் வரும். நிஜத் தங்க மினுக்கு வேண்டுமென்றால் ஃபாயில் எனும் மெல்லிய உலோகப் பூச்சு போட வேண்டும், அதற்குத் தனிச் செலவு. செலவு செய்ய மனமில்லையா, தங்கத்தை விட்டுவிடுங்கள்.

எழுத்துருவில் நடக்கும் கூத்து

தமிழில் எழுத்துக்கு மேலே கொக்கி, கீழே வால், உள்ளே சுழி எல்லாம் உண்டு. ‘கி’ மேலே போகும், ‘கு’ கீழே வரும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியையே தமிழுக்கும் வைத்தால் மேல்வரி வாலும் கீழ்வரி கொக்கியும் முட்டிக்கொள்ளும். கொஞ்சம் தாராளமாக விடுங்கள். ‘ண’, ‘ன’ இரண்டையும் பிரிப்பது ஒரு சுழி. தடித்த எழுத்தைச் சின்ன அளவில் அச்சடித்தால் அந்தச் சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளும். ஒல்லியான எழுத்தில் கோடே காணாமல் போகும். விசிட்டிங் கார்டில் தமிழை 8 பாயிண்டுக்குக் கீழே நான் இறக்குவதில்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் ஒரு படி மேலே.

இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவதும், இடம் மிச்சம் என்று இழுப்பதும் பேனர் கடைகளில் தினமும் நடக்கிறது. வார்த்தையைக் குறையுங்கள், எழுத்தை விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் கையெழுத்து மாதிரி வளைந்து ஓடும் எழுத்துருவும் இப்போது எல்லா ஸ்டுடியோவின் பெயரிலும் வந்துவிட்டது. அதை முழுக்கப் பெரிய எழுத்துகளில் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். பெயர் என்னவென்று உரிமையாளரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம், கொம்பு பிரச்சினை. சுல்தான்பேட்டையிலோ அவென்யூ ரோடு பக்கமோ அச்சுக்குக் கொடுக்கிறீர்கள். அங்கே கணினியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நீங்கள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய தமிழ் யூனிகோடு. பழைய போட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை அவர் இயக்காவிட்டால் ‘பெ’வின் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கும். ‘போ’ மூன்று துண்டாகச் சிதறும். அவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆயிரம் காப்பி ஓடிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துரு வைத்திருக்கும் கடையில் கதை வேறு: யூனிகோடு தமிழ் அதற்குள் போகவே போகாது, மாற்றியில் போட்டு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு ‘ஸ்ரீ’யையும் மேற்கோள் குறிகளையும் கட்டாயம் பாருங்கள், உடைவது முதலில் அவைதான். நம் ஸ்டுடியோக்களில் எத்தனை ‘ஸ்ரீ’ என்று சொல்லவே வேண்டாம்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, எழுத்துகளை கர்வ் ஆக்கி பிடிஎஃப் ஆகக் கொடுப்பது. கர்வ் ஆக்கிவிட்டால் எழுத்து வெறும் கோட்டு வடிவமாக மாறிவிடும், அவர்கள் கணினியில் எழுத்துரு இருக்கிறதா இல்லையா என்ற கவலையில்லை. திருத்தம் வந்தால் செய்ய, எழுத்தாக இருக்கும் கோப்பையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துருவுக்குப் பஞ்சமும் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். தொழிலுக்கும் பயன்படுத்தலாம்.

அச்சு சம்பந்தமாக இன்னொன்று: சின்னக் கறுப்பு எழுத்தைக் கறுப்பு மை ஒன்றால் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையிலிருந்து அப்படியே மாற்றினால் நாலு மையும் கலந்த கறுப்பாக வரும். அச்சுத் தகடுகள் ஒரு முடி அளவு நகர்ந்தாலும் எழுத்துக்குப் பக்கத்தில் நீலமோ சிவப்போ எட்டிப் பார்க்கும்.

கடைப் பலகை

பெங்களூரில் பலகை எழுதுகிறவர்கள் சட்டத்தையும் சேர்த்து டிசைன் செய்ய வேண்டும். 2024-இல் திருத்தப்பட்ட கர்நாடகச் சட்டப்படி பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும், அதுவும் மேல்பாதியில். மிச்சம் 40-க்குள் தமிழ், ஆங்கிலம், கேமரா படம், இரண்டு போன் நம்பர், சாமி படம் என்று அடைக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. மேலே கன்னடத்தில் பெயர், கீழே இன்னொரு மொழியில் பெயர், ஒரு நம்பர். இதற்கு மேல் பலகை தாங்காது. கன்னடத்தில் ஒத்தெழுத்து (கூட்டெழுத்தின் இரண்டாவது மெய்) கீழே தொங்கும் என்பதால் அந்த வரிக்கு அடியில் நல்ல இடம் வேண்டும். இல்லாவிட்டால் அது தமிழ் வரியின் கொக்கி மேல் ஏறி உட்காரும்.

எழுத்து உயரத்துக்குப் பலகை எழுதுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு, பத்து அடி தூரத்துக்கு ஒரு அங்குலம். எதிர்ச்சாரி நாற்பது அடி என்றால் நாலு அங்குலம். வண்டியில் போகிறவர் படிக்க அதற்கும் மேலே. சிஎம்எச் ரோடு மாதிரி மெட்ரோ தூண்கள் நிற்கும் தெருவில் பலகை கண்ணில் படும் நேரம் இன்னும் குறைவு.

தெருமுனையில் பிளெக்ஸ் கட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 2016-இல் மாநில அரசு கொண்டுவந்த பிளாஸ்டிக் தடையில் பிளெக்ஸும் சேர்த்தி. 2018-இல் உயர் நீதிமன்றம் கண்டித்ததும் மாநகராட்சி ஊர் முழுக்கக் கழற்றி எறிந்தது. அந்தக் காசில் துணியில் ஒரு பேனர் அடித்து, கண்காட்சியிலோ சௌல்ட்ரி வாசலிலோ அனுமதி கேட்டு நிறுத்தலாம்.

போனில் போவது

ஸ்டேட்டஸுக்கான அளவு 1080-க்கு 1920. மேலே உங்கள் பெயரும் கீழே பதில் எழுதும் பெட்டியும் படத்தை மறைக்கும். நிறைய பேர் நம்பரைச் சரியாக அந்த அடிப்பகுதியில்தான் போடுகிறார்கள்.

சிவப்பு எழுத்து வாட்ஸ்ஆப்பில் ஏன் கசங்கித் தெரிகிறது என்று என்னிடம் கேட்காத ஸ்டுடியோக்காரர் குறைவு. படத்தைச் சுருக்கும்போது ஜேபெக் முறை வெளிச்ச விவரத்தை முழுதாக வைத்துக்கொண்டு நிற விவரத்தைப் பெரும்பாலும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்துவிடும். மனிதக் கண் நிறத்தில் அவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை என்ற தைரியத்தில் செய்வது. முகத்தில் இது தெரியாது. கறுப்பின் மேல் சிவப்பு என்றால் எழுத்தைக் காட்டுவதே நிறம்தான், வெளிச்ச வேறுபாடு சொற்பம். அதனால் ஓரம் பிசுபிசுத்துவிடுகிறது. வெள்ளையையோ வெளிர் மஞ்சளையோ பயன்படுத்தினால் பிரச்சினை தீர்ந்தது. வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியல் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆக, டாக்குமென்ட் வழியில் அனுப்புங்கள்.

க்யூஆர் குறியீட்டை அலங்காரமாக நினைத்து, ரோஜா நிறத்தில், பூப்பின்னணியில், கட்டைவிரல் நகம் அளவில் போடுகிறார்கள். கையில் பிடித்துப் பார்க்கும் நோட்டீஸில் 2 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. வெளிர் பின்னணியில் அடர் நிறக் கட்டங்கள், சுற்றிலும் நாலு கட்ட அகலத்துக்கு வெற்றிடம். முகவரி நீளமாக நீளமாகக் கட்டங்கள் நுணுகும், அதனால் சின்ன முகவரியாகக் கொடுங்கள். இலவசமாகக் குறியீடு செய்து தரும் சில தளங்கள் நடுவில் தங்கள் முகவரியைச் செருகி, சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கேட்கும். நோட்டீஸ் ஊருக்குள் போய்ச்சேர்ந்த பிறகு இது தெரியவந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிடும் ஆசை

கேண்டிட், டிரெடிஷனல் வீடியோ, ட்ரோன், எல்இடி வால், லைவ், ப்ரீவெட்டிங், பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், கப்பில் படம், ஜெராக்ஸ். ஒரே தாளில். “எல்லாம் செய்றோமே சார், போட்டா என்ன?” என்பார்கள். கல்யாணத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்கப்போகிறவர் ஜெராக்ஸைப் படித்துவிட்டுத்தான் தாளைக் கீழே வைக்கிறார். கல்யாணத்துக்கு ஒரு நோட்டீஸ், கடை வேலைக்கு இன்னொன்று என்று பிரித்துவிடுங்கள்.

கல்யாண நோட்டீஸில் அவர் தேடுவது கொஞ்சம்தான்: எத்தனை பேர் வருவார்கள், முதல் நாள் வரவேற்பு சேர்த்தியா, ஆல்பம் எத்தனை ஷீட், எந்த மாதம் கைக்கு வரும், எவ்வளவு. சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பெட்டி போட்டு இந்த விவரத்தை எல்லாம் விட்டுவிடுவது பெரிய தவறு. விலைக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, அடியில் எறும்பு அளவில் ‘பயணச் செலவு தனி’ என்று எழுதுவது அதைவிட மோசம். ஓசூரிலோ கோலாரிலோ கல்யாணம் வைத்திருப்பவர் அந்த வரியைக் கடைசியில்தான் பார்ப்பார், சண்டை வரும். விலையைப் போட்ட அளவிலேயே அதையும் போடுங்கள்.

நம்பரை ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒன்றே ஒன்று, வாட்ஸ்ஆப் உள்ளதாகப் பார்த்துப் போடுங்கள். அச்சுக்கு அனுமதி கொடுக்கும் முன்பு ஒரே ஒரு காப்பி அடித்துக் கேளுங்கள், திரையில் காட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அதை வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய், ஸ்டுடியோவுக்குச் சம்பந்தமில்லாத, ஐம்பது வயது தாண்டிய ஒருவரிடம் கொடுத்து, அதிலிருக்கும் நம்பரைப் பார்த்து உங்களுக்கு போன் போடச் சொல்லுங்கள். க்யூஆரை இரண்டு வேறு போன்களில் திறந்து பாருங்கள், ஒன்று பழைய போனாக இருக்கட்டும்.